மாட்டுக்கு ஆகும் என்று விட்ட குழி

மகனே, போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன். சிக்னல் போய்விட்டது என்று நினைத்துத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டாய். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது, நான்தான் எடுக்கவில்லை. கோபம் ஒன்றும் கிடையாது, பேச வாய் வரவில்லை. போனில் பேசினால் நீ குறுக்கே குறுக்கே "சரிம்மா, சரிம்மா" என்பாய், எனக்கும் சொல்ல வந்தது பாதியில் நின்றுவிடும். அதனால் எழுதுகிறேன். எழுதி முடித்ததும் பக்கம் பக்கமாகப் போட்டோ பிடித்து உனக்கு அனுப்புவேன். கடலுக்கு நடுவே உன் இரும்பு மேடையில் வேலையில் நிற்கும்போது படிக்காதே. ஷிப்ட் முடிந்து, குளித்து, சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து படி.

நீ கேட்டது இவ்வளவுதான். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் நம் பங்கில் வேலி போட்டுப் பூட்டிக் கிடக்கிற பழைய எண்ணெய்க் கிணற்றைக் கம்பெனி மறுபடி திறக்கப் போகிறது. குத்தகை முடிந்துவிட்டது, நிலம் உன் பெயரில் இருக்கிறது, உன் சம்மதம் கேட்டிருக்கிறார்கள். கொடுக்கலாமா, வேண்டாமா? "நீ என்ன சொல்றியோ அதாம்மா" என்றாய். பிறகு என்னைத் தேற்றுவதாக நினைத்து இன்னொன்றும் சொன்னாய். "இப்பல்லாம் அந்தக் காலம் மாதிரி குழி தோண்ட மாட்டாங்கம்மா. சேறு தண்ணி எல்லாம் இரும்புத் தொட்டியிலதான் போவும். நீ பயப்படாத." அதைக் கேட்டதும்தான் எனக்கு அழுகை வந்தது. நான் நிம்மதியில் அழுகிறேன் என்று நீ நினைத்திருப்பாய். நிம்மதியா, நல்ல கதை. குழி தோண்டுவார்கள், தோண்டுவார்கள் என்று நான் காத்துக்கொண்டிருந்தேன்.

உனக்குத் தலை சுற்றும். முதலிலிருந்து சொல்கிறேன், அவசரப்படாமல் கேள். உனக்கு முன்னால் இந்த வீட்டில் உனக்கு ஓர் அக்கா இருந்தாள், கம்பெனிக்காரன் மூடாமல் விட்டுப்போன குழியில் விழுந்து போய்ச் சேர்ந்தாள். உனக்குத் தெரிந்தது இதுதான். இத்தனை வருஷம் ஊருக்குத் தெரிந்ததும் இதுதான். இதில் பாதி உண்மை. மீதிப் பாதியை உன் அப்பா யாரிடமும் சொல்லாமலே செத்துப்போனார், அது என்னிடம் இருக்கிறது. கல்யாணம் கட்டிக்கொள்ளப் போகிறவன் நீ. வீட்டுக்கு வருகிற பெண்ணுக்கு இந்த வீட்டில் என்ன இருக்கிறது என்று நீயாவது தெரிந்து சொல்ல வேண்டும்.

உன் தாத்தாவிடமிருந்து தொடங்கினால்தான் புரியும். அவர் யுத்த காலத்தில் சின்னப் பையன். நெல் விளைகிற ஊரில் பிறந்துவிட்டு, ரேஷனில் போட்ட புழுத்த சோளத்தைத் தின்று வளர்ந்ததை ஆயுசுக்கும் மறக்கவில்லை. யுத்தம் முடிந்து, வெள்ளைக்காரன் போய், நம் ஆட்கள் கையில் நாடு வந்ததும் கவர்ன்மெண்டு கொண்டுவந்த எதையும் அவர் சம்பந்தி வீட்டு வரிசை மாதிரி வாசலுக்கு வந்து வாங்கினார். கரண்டுக் கம்பம் நட வந்தவனுக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தார். யூரியா மூட்டை வந்த அன்று அதற்குப் பொட்டு வைத்தார் என்று உன் அப்பா சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். எந்த அணை கட்டினாலும், எந்த ஊரில் இரும்பு உருக்கினாலும், பேப்பர் வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "நாம இனிமே யார்கிட்டயும் கையேந்த வேண்டாம்டா" என்பாராம். அந்த வாயைப் பார்த்து வளர்ந்தவர் உன் அப்பா. நாடு என்ற சொல்லை அவர் சொல்லும்போது யாரோ நெருங்கிய சொந்தக்காரரைச் சொல்கிற மாதிரி இருக்கும். எனக்குக் கல்யாணமான புதிதில் அது வேடிக்கையாக இருந்தது. போகப் போக எனக்கும் ஒட்டிக்கொண்டது.

அப்படிப்பட்டவர் நிலத்துக்கு அடியில் எண்ணெய் இருக்கிறது என்று கவர்ன்மெண்டு கம்பெனிக்காரர்கள் ஜீப்பில் வந்து சொன்னால் என்ன ஆகும் சொல். மாசியில் அறுப்பு முடிந்து வயல் காய்ந்து கிடந்த நேரம். ஊரில் பாதிப் பேர் பயந்தார்கள், உன் அப்பா பயப்படவில்லை. தேய்த்த வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போய் நின்றார். அந்த இரும்புக் கோபுரத்தை நிறுத்தி முடித்த அன்று நாங்கள் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, பூசணிக்காய் உடைத்தோம். நான்தான் ஆரத்தி எடுத்தேன். வடக்கேயிருந்து வந்த ஆபீசர், நல்ல மனுஷன், தமிழ் தெரியாது, டிரைவர்தான் அவருக்கு வாய். நம் வீட்டில்தான் வெள்ளிக்கிழமை சாப்பாடு. ரசத்தை டம்ளரில் வாங்கிக் குடிப்பார். உன் அக்காவுக்கு அவர் மேல் உயிர். அவர் தொப்பியைப் போட்டுக்கொண்டு வீட்டையே சுற்றி வருவாள்.

பூமியைத் துளைக்கும்போது உள்ளே ஊற்றுகிற சேறும் வெளியே வருகிற கழிவும் தங்க, கோபுரத்துக்குப் பக்கத்தில் பெரிதாக ஒரு குழி வெட்டினார்கள். உனக்கு நான் சொல்ல வேண்டுமா, உன் தொழில் அது. வேலை முடிந்து கோபுரத்தைப் பிரித்துக்கொண்டு போகும்போது, குழியை மூடி, நிரவி, நிலத்தைப் பழையபடி ஒப்படைக்க வேண்டும் என்பது பேச்சு. ஆபீசர் மூடத்தான் வந்தார். புல்டோசர் வந்து நின்றது. உன் அப்பா ஓடிப்போய்த் தடுத்தார். நான் கூடையோடு வரப்பில் நின்று கேட்டேன். "வேண்டாம் சார், இருக்கட்டும். கோடையில வாய்க்கா காஞ்சி கெடக்கும். மாட்டுக்கு ஆவும்." டிரைவர் அதை அவர் பாஷையில் சொன்னான். ஆபீசர் தலையாட்டி என்னவோ சொன்னார். "நல்ல தண்ணி இல்லியாம், மூடறதுதான் நல்லதாம்" என்றான் டிரைவர். உன் அப்பா விடவில்லை. "ரெண்டு மழை பேஞ்சா நல்ல தண்ணி ஆயிடும் சார். இவ்ளோ பெரிய குட்டைய நாங்க வெட்டணும்னா எத்தனை ஆளு வேணும்." மனுஷன் சிரித்துவிட்டுப் புல்டோசரைத் திருப்பச் சொன்னார். கிணற்றைச் சுற்றி மட்டும் வேலி போட்டார்கள். குழி வேலிக்கு வெளியே நின்றது.

வேறு ஊர்க்காரன் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டான். ஆற்றில் தண்ணீர் வந்தால் ஊரே வெள்ளம், அணையை மூடிவிட்டால் மாட்டுக்குக் காட்டக்கூட ஒரு குட்டை இல்லாமல் அலைகிற ஊர் நம் ஊர். பள்ளம் கண்ட இடமெல்லாம் எங்களுக்குத் தண்ணீராகத்தான் தெரியும். நானும் அன்றைக்கு மனசுக்குள் மகிழ்ந்தேன், கம்பளி அலச ஆகும் என்று. மழை பெய்து குழி நிறைந்தது. மேலே தெளிந்த தண்ணீர், அடியில் சாம்பல் நிறத்தில் வழுவழுவென்று களி. முதல் நாள் மாட்டை இறக்கினோம். முகர்ந்து பார்த்துவிட்டுக் கழுத்தைத் திருப்பிக்கொண்டது. "அது குடிக்கலீங்க" என்றேன். "தானமாக் கெடச்ச மாட்டப் பல்லப் புடிச்சுப் பாக்காத. பழகினாக் குடிக்கும்" என்றார். மாடு கடைசிவரை பழகவில்லை. அந்த வாயில்லாத ஜீவன் சொன்னதை நாங்கள் கேட்டிருக்கலாம்.

அப்போது கிணற்று மூலையில், எண்ணெயோடு வருகிற கேஸை எரித்துவிட வைத்த நெருப்பு எரிந்துகொண்டிருந்தது. ராத்திரி என்பதே இல்லாமல் போனது நம் வீட்டுக்கு. சுவரெல்லாம் மஞ்சளாக ஆடும். சிம்னி விளக்கு ஏற்றாமலே உன் அக்கா பலகையில் எழுதுவாள். "பாரு, நம்ம வீட்டுக்கு நாடே வெளக்குப் போட்டு வச்சிருக்கு" என்பார் உன் அப்பா. அந்த வெளிச்சம் பட்ட வயலில் அந்த வருஷம் சம்பா கதிர் தள்ளவில்லை. இருட்டுப் பார்த்தால்தானே பயிருக்கு நாள் தெரியும். பச்சைப் பசேலென்று நின்றது, நெல்தான் இல்லை. அதற்கும் அவர் ஒன்றும் சொல்லவில்லை, வைக்கோலாவது வந்ததே என்றார். நெருப்பை அணைத்து எத்தனையோ காலமாகிவிட்டது. இன்றைக்கும் கரண்டு போனால் சுவரில் அந்த மஞ்சள் ஆடுகிறது எனக்கு. கண் டாக்டரிடம் காட்டினேன், கண்ணில் ஒன்றும் இல்லை என்றார்.

உன் அக்காவுக்கு அந்தக் களி மேல்தான் ஆசை. குயவர் வீட்டு மண்ணைவிட நைசாக இருக்கும். அதில் அடுப்பு, சட்டி, விளக்கு எல்லாம் செய்து குட்டைக் கரையில் காயவைப்பாள். சுற்று வட்டாரப் பிள்ளைகள் எல்லாரும் விளையாடிய இடம்தான். சித்திரையில் ஒரு மத்தியானம், நான் வாசலில் அவித்த நெல்லைக் கிளறிக்கொண்டிருந்தேன். உன் அப்பா உரம் வாங்க மாயவரம் போயிருந்தார். வாத்து மேய்க்கிறவன் ஒருவன் கத்திக்கொண்டு ஓடிவந்தான். குட்டை ஆழமாகக்கூட இல்லை. கரை சோப்புக்கட்டி மாதிரி வழுக்கும், அடியில் களி காலைப் பிடித்துக்கொள்ளும். பெரியவர்களே ஏற முடியாது என்று அவளைத் தூக்க இறங்கியபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது. இதற்கு மேல் அந்த மத்தியானத்தை எழுத என்னால் ஆகாது.

காரியம் முடிவதற்குள் கம்பெனி வண்டிகள் ஆற்று மணலைக் கொண்டுவந்து குழியை மூடிவிட்டன. வேலியைப் பெரிதாக்கி, குழி இருந்த இடத்தையும் உள்ளே சேர்த்துப் பூட்டினார்கள். அந்த ஆபீசர் நம் வாசலில் நின்று சிறு பிள்ளை மாதிரி அழுதார். "கம்பெனிக்காரன் மூடாம போயிட்டான்" என்று ஊர் பேசியது. அவர் அதை மறுக்கவில்லை. தமிழ் தெரியாததால் மறுக்கவில்லை என்று நினைக்காதே, டிரைவர் எல்லாவற்றையும் அவர் காதில் சொல்லிக்கொண்டுதான் இருந்தான். அவர் உன் அப்பாவைப் பார்த்தார், உன் அப்பா தரையைப் பார்த்தார். பிறகு அவரை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா. பேசிப் பேசி அதுவே நடந்ததாக ஆகிவிட்டது.

இதைச் சொல்லி உன் அப்பாவைச் சின்னவராக்க நான் நினைக்கவில்லை. பெற்ற பிள்ளையைக் கொல்ல யாராவது குட்டை கேட்பார்களா? அவர் மாட்டுக்குத்தான் கேட்டார். எனக்கு ஆறாதது வேறு. அதற்குப் பிறகு நாங்கள் இரண்டு பேரும் அதைப் பற்றி மனசு விட்டுப் பேசிக்கொள்ளவே இல்லை. ஒரே வீட்டில், ஒரே பாயில், அவர் துக்கம் அவருக்கு, என் துக்கம் எனக்கு என்று கிடந்தோம். நீ பிறந்தாய், உன்னைக் கொஞ்சினோம், உன்னைப் படிக்கவைத்தோம், நீயும் சொல்லிவைத்த மாதிரி எண்ணெய் எடுக்கிற படிப்புக்கே போனாய். அன்றைக்கு அவர் முகத்தை நீ பார்க்கவில்லை, நான் பார்த்தேன். "படிக்கட்டும், எங்க தோண்டினாலும் மூடத் தெரிஞ்சவனா வரட்டும்" என்றார். அத்தனை வருஷத்தில் அதைப் பற்றி அவர் வாயிலிருந்து வந்தது அந்த ஒன்றும், பின்னால் சொல்லப் போகிற இன்னொன்றும்தான். உனக்குச் சொல்கிறேன், உன் பெண்டாட்டியிடம் பேசாமல் மட்டும் இருக்காதே. சண்டை போடு, தட்டைத் தூக்கி எறி, பரவாயில்லை, பேசிக்கொண்டு எறி. உன் வேலையிலும் ஒன்று. ஒரு ஊரில் மண்ணைத் தொடுவதற்கு முன்னால் கொஞ்சம் சும்மா நின்று பார். மாடு எங்கே போகிறது, பெண்கள் எங்கே துவைக்கிறார்கள், பிள்ளைகள் எந்த மண்ணை எடுத்து விளையாடுகிறார்கள் என்று பார். ஊர்க்காரன் வந்து இதை விட்டுட்டுப் போங்க என்று கெஞ்சினாலும் விடாதே. அவனுக்குத் தெரியாது.

இப்போது உன் அக்கா விஷயத்துக்கு வருகிறேன். கல்யாணம் ஆகாமலே செத்துப்போன பெண் அந்த வீட்டுக்குக் கன்னிசாமி. உனக்குத் தெரியும், சாமி அறையில் அவள் பெட்டி இருக்கிறது, பொங்கலுக்குப் பாவாடை சட்டை வைத்துப் படைக்கிறோம். வீட்டில் கல்யாணம் என்றால் முதல் பத்திரிகை அவளுக்குத்தான். பத்திரிகை மட்டும் போதாது. உயிர் போன தண்ணீருக்கு மேளத்தோடு போய், அந்தத் தண்ணீரைப் புதுக் கலசத்தில் மொண்டு, வீட்டு ஆண்பிள்ளை ஒருவர் மூன்று தரம் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். தண்ணீரில் விட்ட பூ கலசத்துப் பக்கம் தானாக ஒதுங்கினால் வந்துவிட்டாள் என்று அர்த்தம். பிறகு வீட்டுக்குக் கூட்டிவந்து, படையல் போட்டு, கல்யாணத்தைப் பார்க்கவைத்து அனுப்ப வேண்டும். இது செய்யாத கல்யாணத்தில் அவள் வாசலிலேயே நிற்பாள் என்பார்கள்.

உன் அத்தை கல்யாணத்துக்கு இதைச் செய்யப் போனோம். உயிர் போன தண்ணீர்தான் மணலுக்கு அடியில் போய்விட்டதே. வாய்க்காலில் செய்யலாம் என்று பூசாரி சொன்னார். உன் அப்பா முழங்கால் தண்ணீரில் நின்றார், நான் கலசத்தோடு பக்கத்தில் நின்றேன். கூப்பிடுங்க என்றார் பூசாரி. மேளம் அடித்துக்கொண்டிருந்ததால் வேறு யாருக்கும் தெரியவில்லை, எனக்குத் தெரியும், உன் அப்பா கூப்பிடவே இல்லை. உதடு மட்டும் அசைந்தது. பூ ஓடுகிற தண்ணீரோடு போய்விட்டது. "வரலியே" என்று பெண்கள் அழுதார்கள். ஓடுகிற தண்ணீர், அதான் என்றார் பூசாரி. வீடு திரும்பும்போது அவர் என்னிடம் மெதுவாக, "எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுக் கூப்புடச் சொல்ற" என்றார். நான் கலசத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். அவர் கண்ணை மூடும்வரை அந்தப் பெட்டிக்கு நாங்கள் படைத்தது எல்லாம் வராதவளுக்குப் போட்ட இலைதான்.

மழைக்காலத்தில் அந்த வேலி ஓரம் போய் நிற்பேன். கொட்டிய மணல் அமுங்கிவிட்டது. மழை பெய்ததும் குழி இருந்த அளவுக்குச் சரியாக, கட்டம் போட்ட மாதிரி, தண்ணீர் தேங்கும். மண்ணெண்ணெய் வாடை லேசாக வரும். மற்ற இடமெல்லாம் கருவேலம் மண்டிக் கிடக்க, அந்தக் கட்டத்தில் மட்டும் ஒன்றும் முளைக்காது. வாட்ச்மேன், "உள்ளார விடக்கூடாதும்மா, ஆர்டர் இல்ல" என்பான். வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பேன், பிறகு வந்துவிடுவேன். இதை உன்னிடம் சொன்னால் ஆளைப் போட்டு என்னைக் காவல் காக்கச் சொல்வாய் என்றுதான் சொல்லவில்லை.

இப்போது கம்பெனி திரும்பி வருகிறது என்றதும் ஊரே கொதித்தது. கடைத்தெருவில் பந்தல் போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். உன் அக்கா போட்டோவைப் பெரிதாக்கி, கம்பெனி கொன்ற குழந்தை என்று பேனர் வைத்தார்கள். என்னைக் கேட்காமல் யார் போட்டோ கொடுத்தது என்று இன்றுவரை தெரியவில்லை. கூட்டிப்போய் முன்வரிசையில் உட்காரவைத்து, கையில் மைக்கையும் கொடுத்தார்கள். நான் உள்ளதைச் சொன்னேன். "குழிய மூடத்தான் வந்தாங்க. மாட்டுக்கு ஆவும்னு விடச் சொன்னது எங்க வீட்டுக்காரரு. நானும் பக்கத்துலதான் நின்னேன்." நடத்துகிற பையன் என் காதருகே குனிந்து, "அம்மா, இத இங்க சொல்லணுமாம்மா" என்றான். "வேற எங்க சொல்லணும் தம்பி? சொல்லு, அங்க போயிச் சொல்றேன்" என்றேன். அவன் மைக்கை வாங்கிக்கொண்டான். நல்ல பையன்தான், அவன் பயிருக்காகத்தான் கத்துகிறான். ஆனால் என் பிள்ளையைப் பொய்யாகக் கொன்றால்தான் அவன் நியாயம் நிற்குமென்றால், அந்த நியாயத்துக்கு இன்னும் கொஞ்சம் எரு போடச் சொல். மறுநாள் பேனரை எடுத்துவிட்டார்கள். இரண்டு நாள் யாரும் என்னோடு பேசவில்லை. பிறகு பேசினார்கள்.

அவர்களிடமும் சொல்லாததை உனக்குச் சொல்கிறேன். கம்பெனி வரட்டும் என்று எனக்குள் ஒரு பேய் ஆசைப்பட்டது. வந்தால் மறுபடி குழி தோண்டுவார்கள், அதே இடத்தில்தான் தோண்டுவார்கள், அந்த மணலை அள்ளுவார்கள், ஒரு நாளாவது அந்தத் தண்ணீர் வானத்தைப் பார்க்கும், நான் கலசத்தோடு போய் என் பிள்ளையை வெளியே கூப்பிட்டுவிடுவேன் என்று கணக்குப் போட்டேன். ஊர் வயலெல்லாம் பாழானாலும் சரி, எனக்கு அந்தக் குழி திறந்தால் போதும். பந்தலில் உட்கார்ந்துகொண்டே இதை நினைத்தேன், எனக்கே அருவருப்பாக இருந்தது, இருந்தும் நினைத்தேன். நீ இரும்புத் தொட்டி என்றதும் அந்த ஆசையில் மண் விழுந்தது. அதுதான் நான் போனை வைத்தது.

நாலு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. இன்று காலையில் கொல்லையில் வாழைக்கன்று வைக்க மண்வெட்டியால் கொத்தினேன். நாலு வெட்டு விழுந்திருக்காது, தண்ணீர் ஊறி வந்துவிட்டது. ஆற்றில் தண்ணீர் ஓடுகிற காலத்தில் நம் மண்ணில் முழங்கால் ஆழம் போனால் ஊற்று. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அடி பைத்தியக்காரி, இதற்கா புல்டோசருக்குக் காத்திருந்தாய் என்று என்னையே திட்டிக்கொண்டேன். நம் பிள்ளையை எடுக்க எதற்கு நமக்குக் கம்பெனி?

அதனால் என் பதில் இது. சம்மதம் இல்லை என்று சொல்லிவிடு. நாட்டுக்கு ஒரு தரம் கொடுத்தோம், மனசாரக் கொடுத்தோம், அதில் எனக்கு வருத்தம் கிடையாது. ஒரு வீட்டில் ஒரு தரம் கேட்டால் போதும். கிணற்று வாயைச் சிமெண்ட் போட்டு அடைத்து, வேலியை எடுத்துவிட்டு நிலத்தைக் கொடுக்கட்டும். நீயே பக்கத்தில் நின்று அடைக்கவை, உனக்குத்தான் அது சரியாகத் தெரியும். கல்யாணம் தை கடைசியில்தானே, நீ பொங்கலுக்கே வந்துவிடு. அணையை மூடுவதற்கு முன்னால், வாய்க்காலில் தண்ணீர் இருக்கும்போதே வந்துவிட வேண்டும். கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணிடம் இதை முழுசாகச் சொல், அவளுக்கு வரப் பிரியமிருந்தால் அவளையும் கூட்டி வா. ஆள் வைக்க வேண்டாம். நீயும் நானும் போய் அந்தக் கட்டத்தில் மணலை வெட்டுவோம். ஊறுகிற தண்ணீர் நாறினாலும் நாறட்டும். பூசாரியும் வேண்டாம், மேளமும் வேண்டாம், மேளம் இருந்தால் கூப்பிடாததுகூடக் கூப்பிட்ட மாதிரி ஆகிவிடுகிறது.

நீதான் கூப்பிட வேண்டும். அவளிடம் தலை குனிய வேண்டியது எதுவும் இல்லாதவன் இந்த வீட்டில் நீ ஒருத்தன்தான். போட்டோவுக்குக் கீழே இருக்கிற, பள்ளிக்கூடத்தில் கொடுத்த பெயரைச் சொல்லாதே, வாத்தியார் கூப்பிடுகிறார் என்று பதுங்கிக்கொள்வாள். அக்கா என்றும் சொல்லாதே, மீசை வைத்த ஆள் வந்து அக்கா என்றால் சின்னப் பிள்ளைக்கு என்ன புரியும். வீட்டில் அவளை அம்மாளு என்போம். அவள் போனதிலிருந்து இந்த வீட்டில் யாரும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. இதோ நான்கூட எழுதத்தான் செய்கிறேன், வாய்விட்டுச் சொல்லவில்லை. நீ சொல். மூன்று தரம் என்று எண்ணிக்கொண்டு இருக்காதே, மத்தியானச் சாப்பாட்டுக்கு நான் கூப்பிடுகிற மாதிரி சத்தமாக, "அம்மாளு, வா, சோறு ஆறுது" என்று கூப்பிடு. அந்தக் குரலுக்கு அவள் வராமல் இருந்ததே இல்லை, ஒரு நாள் தவிர.